கூரையை முதலில் எடுப்பார்கள்

லீட்ஸ்
14.4.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. நானும் சௌம்யாவும் சுகமாக இருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது, வலது கண் எப்படி இருக்கிறது என்று எழுது. வாட்ஸ்அப் எழுத்து எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்று சொன்னாய். அதனால் இனிமேல் காகிதத்தில்தான். பக்கத்துக்குப் பன்னிரண்டு வரி வருகிற மாதிரி பெரிதாக எழுதுகிறேன்.

இங்கே குளிர் விட்டுவிட்டது. சனிக்கிழமைகளில் இருவரும் காரை எடுத்துக்கொண்டு இடிந்த மடங்களைப் பார்க்கப் போகிறோம். போன வாரம் ஃபவுண்டன்ஸ் என்ற இடம். ஆற்றங்கரையில் பிரம்மாண்டமான கல் கட்டடம்; தூண், வளைவு, கோபுரம் எல்லாம் இருக்கிறது, கூரை மட்டும் இல்லை. உள்ளே புல் முளைத்திருக்கிறது. நானூறு வருஷம் அங்கே துறவிகள் இருந்தார்களாம். பெரும்பாலும் பேசக் கூடாது என்று விதி. அதனால் கையாலேயே பேசிக்கொள்வார்களாம். தேன் வேண்டுமென்றால் நாக்கை நீட்டி விரலை நக்குவதுபோல் காட்ட வேண்டும். வாசலில் நின்று விவரம் சொன்ன பெரியவர் இதைச் செய்து காட்டியபோது எனக்கு உன் பிரஸ் ஷாப் ஞாபகம் வந்தது. சௌம்யாவிடம் சொன்னேன், சிரித்தாள்.

சௌம்யாவின் தம்பி தேவா உன்னிடம் பேசியிருப்பான். நம் வரிசையில் மற்ற ஆறு வீட்டுக்காரர்களும் பிளாட் கட்டக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். நடுவில் இருப்பது நம் வீடு மட்டும்தான். உனக்கு மூன்றாவது மாடியில் லிஃப்டோடு வீடு கிடைக்கும். அவசரமில்லை, யோசி.

அன்புள்ள மகன்
உதயகுமார்


கள்ளிக்குப்பம்
3.5.2024

அன்பு மகன் உதயகுமாருக்கு அம்மா ராஜம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

நான் நலம். கண்ணில் புரை முற்றவில்லை, இன்னும் இரண்டு மாதம் போகட்டும் என்கிறார் டாக்டர். சௌம்யாவைக் கேட்டதாகச் சொல்.

உன் துறவிகள் பேசக் கூடாது என்பதற்காகக் கையை ஆட்டினார்கள். எங்கள் மண்ணூர்பேட்டை ஷாப்பில் இருபது பிரஸ் ஒன்றாகத் தகடு அடிக்கும்போது கத்தினாலும் கேட்காது. கையும் மெஷினில் இருக்கும். அதனால் உதடுதான். இருபத்திரண்டு வருஷத்தில் காது போனது, உதடு படிக்க வந்தது. உன் கடிதத்தைக் கலைவாணிக்குப் படித்துக் காட்டினேன். "தேனுக்கு நாக்க நீட்டுனானுங்களா? நம்ம சூப்பர்வைசராண்ட நீட்டியிருந்தா அன்னிக்கே கணக்கு தீத்து அனுப்பியிருப்பான்க்கா" என்றாள். அவளுக்கு அந்த ஷாப்பில் போனது இரண்டு விரல். ஆனாலும் இன்னும் காலை ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். பக்கத்துத் தெருவில் தகரக் கொட்டகையில் வாடகைக்கு இருக்கிறாள்.

பிளாட் விஷயம். யோசித்துவிட்டேன், வேண்டாம். காரணம் சொல்கிறேன். கேட்டைத் தள்ளினால் சமையலறையில் சிவப்பு விளக்கு எரியும்படி உன் அப்பா செய்து வைத்தார். அந்த மனுஷன் போய் ஆறு வருஷமாகியும் அந்த விளக்கு ஒரு நாள் தவறியதில்லை. கூடத்தில் வெறுங்காலோடு நின்றால், பின்பக்கம் யார் நடக்கிறார்கள் என்று தரை எனக்குச் சொல்லும். மூன்றாவது மாடியில் நாற்பது வீட்டுக்காரர்கள் நடப்பார்கள். யாரென்று எனக்கு எப்படித் தெரியும்? இந்த வீடுதான் என் காது.

அப்பா அந்த விளக்குக்கு ஒரு சுவிட்ச் வைத்திருந்தார், கேட்டுத் தூணில், பெயர்ப்பலகைக்குப் பின்னால். நீ சினிமாவுக்குப் போய்விட்டு வரும்போது கையை விட்டு அதை அணைத்துவிட்டு உள்ளே வருவாய். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாய். தெரியும். சொல்லவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அம்மா
ராஜம்மா


லீட்ஸ்
26.5.2024

அன்புள்ள அம்மா,

உன் கடிதம் பதினொரு நாளில் வந்தது. நலம். சுவிட்ச் கதையைப் படித்து நானும் சௌம்யாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்படியானால் நான் நடந்து வந்தது உனக்குத் தரையில் தெரிந்திருக்கும், இல்லையா?

நேற்று ரீவோ என்ற மடத்துக்குப் போனோம். பள்ளத்தாக்கில், மரங்களுக்கு நடுவே. பக்கத்தில் ஒரு கடையில் நல்ல கேக். ஐந்நூறு வருஷத்துக்கு முன்பு எட்டாம் ஹென்றி ராஜா எல்லா மடங்களையும் மூடினார். முதலில் அதிகாரிகள் வந்து மரியாதையாகப் பேசுவார்கள். பிறகு ஒரு பத்திரம் நீட்டுவார்கள். "எங்கள் சொந்த விருப்பத்தின்பேரில் மடத்தை ஒப்படைக்கிறோம்" என்று துறவிகளே கையெழுத்துப் போட வேண்டும். போட்டவர்களுக்கு ஆயுளுக்கும் பென்ஷன். போடமாட்டேன் என்ற ஒன்றிரண்டு தலைவர்களைத் தூக்கில் போட்டார்கள். பெரும்பாலோர் புத்திசாலிகள், போட்டுவிட்டார்கள்.

அம்மா, விளக்கு வைத்த காலிங்பெல் இப்போது கடையிலேயே கிடைக்கிறது. அதற்காக ஒரு வீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. என் பெயருக்கு ஒரு பவர் பத்திரம் தயார் செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துக்கு மூன்று இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். தேவாவோடு போய்ப் பதிவு செய்துவிடு.

சௌம்யா வணக்கம் சொல்லச் சொன்னாள்.

உதயகுமார்


கள்ளிக்குப்பம்
20.6.2024

அன்பு மகனுக்கு அம்மாவின் ஆசீர்வாதம்.

நலம். இங்கே வெயில் தணியவில்லை. பத்திரத்தைப் படித்தேன். "யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி என் முழு மனதுடன்" என்று நாலாவது வரியில் போட்டிருக்கிறது. அது உண்மை இல்லை என்பதால் கையெழுத்துப் போடவில்லை. திருப்பி வைத்திருக்கிறேன்.

தேவா வந்தான். உன் மைத்துனன் என்பதால் காபி கொடுத்தேன். குடித்துவிட்டு, "இன்னா அத்தை, ஊரே பிளாட்டுக்குப் போவுது, நீ மட்டும் இந்த ஷீட்டு ஊட்டப் புடிச்சிக்கினு கீற?" என்றான். அதற்குக் கலைவாணி, "ஏன் நைனா, பூந்தமல்லில உன் பட்டறை மெட்ரோ தூணுக்கு அடியிலதான கீது? அத்த முதல்ல குடுத்துட்டு நீ ஏறு லிப்டுல" என்றாள். அவன் முகம் சுருங்கிவிட்டது. போகும்போது வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனான்.

நீ எழுதியதில் ஒரு சந்தேகம். கையெழுத்துப் போட்ட பிறகும் துறவிகள் அங்கேயே உட்கார்ந்திருந்தால் என்ன செய்தார்கள்? பழகிய இடமாயிற்றே. தெரிந்தால் எழுது.

கண் மங்கிக்கொண்டு வருகிறது. ஆகஸ்டில் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்கிறார்கள்.

உன் அம்மா
ராஜம்மா


லீட்ஸ்
14.7.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நலம். பத்திரம் திரும்பி வந்தது. வருத்தம்தான், ஆனால் கோபமில்லை. எங்களுக்கும் இங்கே ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறோம், அதற்குப் பணம் கட்டவும் நாள் குறித்திருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

உன் சந்தேகம் அன்றே எனக்கும் வந்து, ரீவோவில் விவரம் சொன்ன ஒரு பெரியவரிடம் கேட்டிருந்தேன். ரொம்ப சுலபம் என்றார். கூரையை முதலில் எடுப்பார்கள். மேலே போட்டிருந்த ஈயத் தகட்டை உரித்து, துறவிகள் நின்று பாடிய மரப் பலகைகளையே விறகாக்கி, அங்கேயே உருக்கிவிடுவார்கள். கூரை போய்விட்டால் யாரும் திரும்பி வந்து குடியிருக்க முடியாது. மீதியை மழை பார்த்துக்கொள்ளும். சுவரை இடிக்க ஆள்கூட வேண்டியதில்லை. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பார்.

அதைவிடு. ஆபரேஷன் எந்தத் தேதி? மறுநாள் எத்தனை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும்? எந்த அறையில் படுப்பாய்? கலைவாணி பகலில் இருப்பாளா, ஷிப்டுக்குப் போய்விடுவாளா? எல்லாம் விவரமாக எழுது. தூரத்தில் இருந்துகொண்டு கவலையாக இருக்கிறது.

உதயகுமார்


கள்ளிக்குப்பம்
8.8.2024

அன்பு மகன் உதயகுமாருக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இப்படி நீ ஒவ்வொன்றாக விசாரித்து எத்தனை வருஷமாகிறது என்று எண்ணிப் பார்த்தேன். அப்பா இறந்த வருஷம் விசாரித்தாய். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

ஆகஸ்ட் 28, புதன்கிழமை ஆபரேஷன். அன்று மாலையே அனுப்பிவிடுவார்கள். இரவு கலைவாணி என்னோடு இருப்பாள். 29 வியாழன் காலை அவளுக்கு ஆறு மணி ஷிப்டு, இரண்டு மணிக்குத்தான் வருவாள். அதுவரை நான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முன்னறைக் கட்டிலில் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். குனியக் கூடாது, தலையில் தண்ணீர் படக் கூடாது, தூசி ஆகவே ஆகாது. ஜன்னலைச் சாத்திவிடுவாள். யாராவது வந்தால் சமையலறை விளக்கின் வெளிச்சம் கட்டில்வரை சிவப்பாக வரும், எனக்குத் தெரியும். நீ கவலைப்படாதே.

சௌம்யாவுக்கு ஆசீர்வாதம்.

உன் அம்மா
ராஜம்மா


கள்ளிக்குப்பம்
2.9.2024

உதயகுமாருக்கு அம்மா எழுதுவது.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மறுநாள் நடந்ததை எழுதுகிறேன்.

வியாழன் காலை ஒன்பதரை மணிவாக்கில் கட்டில் அதிர்ந்தது. பக்கத்து மனையில் போர்வெல் போடுகிறார்கள் என்று நினைத்துப் படுத்திருந்தேன். அதிர்வு நின்றது, வந்தது, நின்றது. விளக்கு எரியவில்லை. அதனால் வீட்டுக்குள் யாரும் இல்லை என்று இருந்தேன். ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து சமையலறைக்குப் போனேன். அங்கே தரையில் வெயில் விழுந்திருந்தது. அந்த இடத்தில் முப்பது வருஷத்தில் வெயில் விழுந்ததில்லை. அண்ணாந்து பார்த்தேன். டாக்டர் பார்க்கக் கூடாது என்றார், பார்த்துவிட்டேன். ஷீட் இல்லை. வானம் இருந்தது. மேலேயிருந்து தூள் விழுந்துகொண்டிருந்தது.

சுவர்மேல் நாலு பேர் ஸ்பானரோடு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவன் மட்டும் மரியாதைக்கு, மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டான். பதினாறு ஷீட்டில் பதினொன்றைக் கழற்றி வண்டியில் ஏற்றியிருந்தார்கள். மீதி ஐந்து முன்னறைக்கு மேல் இருப்பது. தேவா உள்ளே வந்தான். "ஷீட்டெல்லாம் விரிசல் அத்தை, உன் தலைல உளுந்துட்டா? புதுசு போட்டுக் குடுத்துர்றேன்" என்றான். எப்போது என்று கேட்டேன். "கையெழுத்து ஆனதும்" என்றான். போய்விட்டான்.

கேட்டுத் தூணில் சுவிட்ச் அணைந்திருந்தது. பெயர்ப்பலகை நகர்ந்திருந்தது. அந்த இடம் மூன்று பேருக்குத்தான் தெரியும். உன் அப்பா, நான், நீ. தேவாவுக்கு எப்படித் தெரிந்தது? இது ஒன்றை மட்டும் எழுது.

அம்மா


லீட்ஸ்
13.10.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆபிஸ் வேலை. நாங்கள் சுகம், உன் சுகத்துக்கு எழுது.

தேவா எல்லாம் சொன்னான். நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறான். அந்தக் கல்நார் ஷீட் நுரையீரலுக்கு ஆகாது, இந்த நாட்டில் தடையே செய்துவிட்டார்கள். போனது நல்லதற்குத்தான் என்று எடுத்துக்கொள். மழை ஆரம்பிப்பதற்குள் பூந்தமல்லியில் தேவா வீட்டுக்குப் போய்விடு. மாடியில் ஓர் அறை காலி செய்து வைத்திருக்கிறான். அங்கிருந்தே கையெழுத்தை முடித்துவிடலாம்.

போன வாரம் ரோச் என்ற இடத்துக்குப் போனோம். வெள்ளைப் பாறை, ஓடை, ரொம்ப அமைதி. மூடிய அன்றே ஊர்க்காரர்களே உள்ளே புகுந்து கதவு, தாழ்ப்பாள், ஜன்னல் கம்பிவரை எடுத்துப் போனார்களாம். முந்தின நாள் அங்கே கும்பிட்டவர்கள்தான். சௌம்யா அந்த இடத்திலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து படம் வரைந்தாள்.

ஒரு சின்ன விஷயம். உன் கடிதத்தில் வரிகள் எல்லாம் வலது பக்கம் சரிந்து இறங்குகின்றன. கோடு போட்ட தாள் வாங்கிக்கொள்.

உதயகுமார்


கள்ளிக்குப்பம்
6.11.2024

உதயகுமாருக்கு,

மழை மூன்று நாளாகப் பெய்கிறது. கலைவாணி தார்ப்பாய் கட்டினாள், காற்று எடுத்துப் போய்விட்டது. நான் முன்னறையில் இருக்கிறேன். பூந்தமல்லிக்குப் போகவில்லை.

சுவிட்ச் இருக்கும் இடம் தேவாவுக்கு எப்படித் தெரிந்தது? பதில் எழுது.

அம்மா


லீட்ஸ்
27.11.2024

அம்மாவுக்கு,

நலம். நீ இப்படிப் பிடிவாதம் பிடித்து மழையில் உட்கார்ந்திருப்பதைத் தெருவில் நாலு பேர் பார்த்தால் என்னைத்தான் பேசுவார்கள். அதை யோசித்தாயா? ஒரு சுவிட்சைப் பற்றித் திரும்பத் திரும்ப என்ன கேள்வி? வயதானால் இப்படித்தான் ஒன்றையே பிடித்துக்கொள்வார்கள் என்று சௌம்யா சொல்கிறாள்.

ஜனவரி 10ஆம் தேதி இரண்டு வாரத்துக்கு வருகிறோம். நானே கூட நின்று கையெழுத்தை முடித்துவிடுகிறேன். கிறிஸ்துமஸ் லீவில் கடற்கரை மேட்டில் ஒரு மடம் பார்க்கப் போகிறோம். அதோடு இந்தப் பக்கத்து மடங்கள் எல்லாம் முடிந்துவிடும்.

உதயகுமார்


கள்ளிக்குப்பம்
20.12.2024

உதயகுமாருக்கு ராஜம்மா எழுதுவது.

நீங்கள் இருவரும் நலம் என்று உன் கடிதத்தில் தெரிந்துகொண்டேன். இந்தக் கடிதத்தைக் கோடு போட்ட தாளில் எழுதுகிறேன், பார்த்திருப்பாய். வரி சரிந்ததற்குக் காரணம் தாள் இல்லை. ஆபரேஷன் செய்த கண்ணில் ஷீட் தூள் விழுந்து புண் வைத்தது. பிறகு அக்டோபர் நடுவில் பெய்த மழைத் தண்ணீரும் பட்டது. அக்டோபர் இருபதாம் தேதி அந்தக் கண் முழுதாகப் போயிற்று. காப்பாற்ற ஒன்றுமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். இடது கண் இருக்கிறது. உதடு படிக்க ஒரு கண் போதும்.

நீ போகிற மடங்களில் விவரம் சொல்ல வாசலில் ஒருவர் நிற்பார் என்று எழுதியிருந்தாய். ஜனவரியில் நீ வரும்போது இங்கே அப்படி யாரும் நிற்க மாட்டார்கள். அதனால் விவரத்தை இதிலேயே தருகிறேன்.

முதலில் வாசல் கேட். இரண்டு பக்கமும் தூண். வலது தூணில் உன் அப்பா பெயர் போட்ட பலகை.

அடுத்தது நடு அறை. வடக்குச் சுவரில் உன் அப்பா வயரிங் போடுவதற்காகப் பென்சிலால் வரைந்த படம் இருந்தது. எந்தக் கம்பி எங்கே போகிறது என்று அம்புக்குறி போட்டு எழுதியிருப்பார். அவர் கையெழுத்து என்று வீட்டில் மிஞ்சியிருந்தது அதுதான். நவம்பர் மழையில் மூன்றாம் நாள் சுண்ணாம்போடு இறங்கிவிட்டது.

அதற்குப் பின்னால் சமையலறை. விளக்கு அங்கேதான். மூலையில் தகரப் பெட்டி. உன் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், கல்யாணப் போட்டோ, நீ எழுதிய எல்லாக் கடிதமும் அதில் இருந்தன. நனைந்து ஒரே கட்டியாகிவிட்டன. கலைவாணி பிரித்துப் பார்த்தாள். "எல்லாம் ஒட்டிக்கிச்சிக்கா, இட்லி மாவாட்டம் ஆயிடுச்சி" என்றாள். குப்பை வண்டியில் போடச் சொன்னேன்.

கடைசியாக முன்னறை. ஆகஸ்ட் 29ஆம் தேதி ஒரு மணிக்கு நான் எழுந்தது இங்கேதான். உனக்கு எழுதிய கடிதத்தில் ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன், அதை இப்போது எழுதுகிறேன். சமையலறையில் வானத்தைப் பார்த்த பிறகு நான் வாசலுக்கு வந்தேன். தேவா கேட்டில் போனோடு நின்றுகொண்டிருந்தான். கண் கூரைமேல் இருந்ததால் நான் வந்ததைக் கவனிக்கவில்லை. முகம் என் பக்கம் இருந்தது. "நீ சொன்ன எடத்துலயே சுச்சு கீது மாமா, அமுத்திட்டேன், லைட்டு எரியல. கெழவி தூங்குது. இன்னும் அஞ்சு ஷீட்டுதான்" என்றான். அவன் இந்த உலகத்தில் மாமா என்று கூப்பிடுவது உன்னை ஒருவனைத்தான். நான் உதடு படிப்பேன் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. மற்றதெல்லாம் சொன்ன நீ இதை மறந்துவிட்டாய்.

போனின் அந்தப் பக்கத்தில் நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. உன் உதடு அங்கே இல்லை. "நிறுத்து, அம்மா கண்ணில் தூசி படக் கூடாது" என்று சொன்னாயோ என்னவோ. அதற்காகத்தான் கேட்டேன். இரண்டு கடிதத்தில் கேட்டேன். மூன்று மாதம் காத்திருந்தேன்.

இந்த மனை என் பெயரில் இருப்பது உனக்குத் தெரியும். டிசம்பர் 9ஆம் தேதி, திங்கட்கிழமை, பதினொன்றரை மணிக்கு அதைக் கலைவாணியின் பெயருக்கு எழுதிப் பதிவு செய்துவிட்டேன். "யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி என் முழு மனதுடன்" என்று அந்தப் பத்திரத்திலும் நாலாவது வரியில் போட்டிருந்தது. இந்த முறை அது உண்மை, கையெழுத்துப் போட்டேன். கலைவாணி பயந்துபோய், "வேணாங்க்கா, நாளைக்கு உன் புள்ள வந்து என்ன ஒதைப்பான்" என்றாள். இரண்டு விரல் இல்லாத கையின் ரேகை மெஷினில் முதலில் பதியவில்லை. பதிவு செய்கிறவர் மூன்று முறை வைக்கச் சொன்னார்.

அவள் தன் கொட்டகையைக் காலி செய்துவிட்டு இங்கே வந்துவிட்டாள். நடு அறையில் அவள், முன்னறையில் நான். நான் இருக்கும்வரை இருக்கலாம் என்று அவள்தான் எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறாள். தேவா ஒரு நாள் வந்து கேட்டை ஆட்டினான். வீட்டுக்காரி வெளியே வந்து, "யார்ரா நீ, இன்னா வோணும்?" என்று கேட்டாள். போய்விட்டான்.

விளக்கின் சுவிட்சை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டோம். இடம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை பதினொரு புது ஷீட் ஏற்றி, போல்ட் முடுக்கி முடித்தார்கள். நான் அடியில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தேன், ஒழுகல் எங்கும் இல்லை. நீ காரை எடுத்துக்கொண்டு பார்க்கப் போவது கூரை இல்லாத இடங்களை. இங்கே கூரை போட்டாயிற்று. ஜனவரியில் நீ இந்தப் பக்கம் வர வேண்டியதில்லை, பார்க்க ஒன்றுமில்லை.

ராஜம்மா